புளி போட்டு விளக்கிய மணி

அருங்காட்சியகப் பொருளறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், இதில் எழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. என்ன உலோகம், எந்தக் காலம், எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். "இதைக் கடைசியாக விளக்கியது யார்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ, அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. விளக்கியது யார் என்று கேட்க நான் கற்றுக்கொண்டது போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். அதைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு மனிதரை ஏறக்குறைய ஜெயிலுக்கு அனுப்பிவிட்டேன். அதைச் சொல்லத்தான் உங்களை எல்லாம் உட்காரவைத்திருக்கிறேன். அமிலம், தராசு, பூதக்கண்ணாடி சமாசாரமெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தேழு வயது. மெட்ராஸ் அருங்காட்சியகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் கும்பகோணத்துப் பாத்திரக் கடைக் குடும்பத்தில் பிறந்தவன். நடக்கப் பழகியதே அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான். பித்தளையா வெண்கலமா என்பதைத் தட்டிப் பார்க்காமலே சொல்வேன். பழையதா புதிதா என்பதை வாசலில் நின்றே சொல்வேன். அலுவலகத்தில் பெரியவர்கள்கூட, "அவனைக் கூப்பிட்டுக் காட்டு" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தலைக்கனம் ஏறிக் கிடந்தது. அப்படிப்பட்டவனைத் தனியாக வெளியூர் அனுப்பினார் எங்கள் மேலதிகாரி. பாவம், நல்ல மனிதர்.

வழக்கு இதுதான். போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சரிவில் ஓர் ஏலக்காய்த் தோட்டம். அங்கே கூலி வேலை செய்த சடையாண்டி என்பவர், மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது என்று ஒரு மணியைக் கொண்டுவந்து அடிவாரக் கிராமத்து முன்சீப்பிடம் ஒப்படைத்தார். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துக்குச் சர்க்கார் என்றால் கிராம முன்சீப்தான். மண்ணில் கிடைப்பதைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். சடையாண்டி சட்டமெல்லாம் படித்தவரில்லை. நமக்குச் சொந்தமில்லாததை வீட்டில் வைத்துக்கொள்வானேன் என்று கொண்டுவந்திருக்கிறார், அவ்வளவுதான்.

வந்தது வினை. அதே ஊர் அம்மன் கோயிலில் ஐப்பசி மழையின்போது ஒரு மணி காணாமல் போயிருந்தது. உத்தரத்தில் தொங்கும் மணி; பூசாரி கயிற்றைப் பிடித்து இழுத்தால் அடிக்கும். கோயில் தர்மகர்த்தா வந்து பார்த்தார். அளவு அதே அளவு, மேலே தொங்கவிடும் வளையமும் அதே போல. "இது எங்க மணிதான். தேட ஆரம்பிச்சதும் பயந்துபோய்க் கொண்டாந்து குடுத்திருக்கான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அம்மன் மணி காணாமல் போனதிலிருந்து அந்த மனிதர் காலில் செருப்புப் போடவில்லை. மணி கிடைத்தால்தான் போடுவேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

விசாரிக்க டெபுடி தாசில்தார் வந்தார். மணி பழங்காலத்துப் புதைபொருளா, நாலு மாதத்துக்கு முன் காணாமல் போன பொருளா என்று சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். என் வாயிலிருந்து வருவதைப் பொறுத்துத்தான் சடையாண்டி வீட்டுக்குப் போவதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதும். அதோடு இன்னொன்றும் இருந்தது. திருட்டுப் பட்டம் ஏறிவிட்டால் மலையில் எந்தத் தோட்டத்திலும் வேலை கிடையாது. பெயர் சுத்தமாகும்வரை, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வரவேண்டாம் என்று தோட்டத்து மேஸ்திரியான கங்காணி ஏற்கனவே சொல்லி அனுப்பிவிட்டார். புருஷன் பெண்டாட்டி இருவருடைய சட்டிபானைகளும் லயத்து வீட்டுக்கு வெளியே வந்துவிட்டன.

மாசி மாதக் காலை. போடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஏலக்காய் மூட்டை ஏற்றப்போன ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர்ச் சாவடியில் கூட்டம். சடையாண்டி, கிராமக் காவலரான தலையாரிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பளித் துண்டைத் தோளில் போட்டிருந்தார். அவர் மனைவி சாவடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் தாம்பாளத்தில் மணி. தேங்காய் மூடியைக் கவிழ்த்தது போன்ற மணி, உள்ளே நாக்கு இல்லை. ஆனால் என்ன பளபளப்பு! குனிந்தால் என் மூக்கு அதில் தெரிந்தது.

"எங்கே கிடைத்தது?" என்று சடையாண்டியிடம் கேட்டேன்.

"காத்துல ஒரு மரம் வேரோட சாஞ்சுபோச்சு சாரே. அதை வெட்டி அகத்துற பணி எனக்கு. வேருக்குள்ள மண்ணோட மண்ணா மாட்டியிருந்துச்சு. பாசி புடிச்ச கல்லுன்னுதான் நெனச்சேன். தட்டுனா சத்தம் வந்துச்சு. அம்புட்டும் பச்சை சாரே."

"மழையில கெடந்தா எந்தப் பாத்திரமும் களிம்பேறிப் பச்சையாத்தான் போகும்" என்றார் தர்மகர்த்தா.

முன்சீப்பைப் பார்த்தேன். "வந்தப்ப பச்சையாத்தான் இருந்துச்சு. சுத்தம் பண்ணி வச்சிருக்கோம்" என்றார் அவர்.

இங்கேதான் நான் கவிழ்ந்தேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெண்கலத்தின் பச்சை, கல் போல இறுகியிருக்கும். சும்மா கழுவினால் போகாது. கழுவினால் போகிற பச்சை நாலு மாதத்துப் பச்சை. இது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் ஆபத்து. மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. வார்ப்புக் குறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே, நாக்கைத் தொங்கவிடும் வளையத்தருகே கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று விட்டுவிட்டேன். யார் சுத்தம் செய்தார்கள், எதைப் போட்டு, எத்தனை நேரம்? ஒரு வார்த்தை கேட்கவில்லை. கும்பகோணத்துப் பிள்ளைக்குக் கேள்வி எதற்கு? அத்தனை பேர் முன்னால், ஜம்பமாக, "வெண்கலம். நெடுநாள் மண்ணுக்குள் கிடந்த பொருள் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

 சடையாண்டி தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போகத் தயாராகிற ஆள் செய்வது போல இருந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"சாப்பிட்டுட்டு வந்து எழுத்துல குடுத்துருங்க. நீங்க மூணு மணி ஜீப்பைப் பிடிக்கணும், நான் இந்த ஆளைப் போலீஸ்ல ஒப்படைக்கணும்" என்றார் டெபுடி தாசில்தார். சாப்பாடு முன்சீப் வீட்டில். மணியைத் துணியில் சுற்றி என்னோடு எடுத்துக்கொண்டு போனேன். பந்தியில் உட்காருவதற்கு முன்பே நாலு வரியில் சான்றிதழை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். அந்த வீட்டில் பாத்திரம் விளக்கும் பேச்சியம்மாள் செம்பில் தண்ணீர் ஊற்றினார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். ஊற்றி முடித்தும் போகாமல் நின்றார்.

"அய்யா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிற மாட்டீகளே?"

"சொல்லுங்கம்மா."

"அந்த மணிக்குள்ள வளையத்துகிட்ட ஒரு கறை இருக்கும். அதை மட்டும் எடுக்க முடியலைங்க. மூணு நாளாத் தேய்ச்சுப் பாத்துட்டேன். மெட்ராஸ்ல இருந்து வந்த அய்யா, பேச்சி சரியா வெளக்கலைன்னு நெனச்சுரக் கூடாது பாருங்க. அதான் சொல்றேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "மூணு நாளா? ஒரு மணியை விளக்க மூணு நாளா?" என்றேன்.

"என்ன அப்படிக் கேக்குறீக? மொத நாளு புளியும் உப்பும் போட்டு ஊற வச்சேன், ஒண்ணும் அசையலை. கல்லு கணக்கா இருந்துச்சு அந்தப் பச்சை. மறுநா செங்கப்பொடி போட்டுத் தேங்கா நாரால தேச்சேன், கொஞ்சங்கொஞ்சமா விட்டுச்சு. மூணாம் நாளு ஓட்டுச் சில்லை வச்சுச் சொரண்டித்தான் எடுத்தேன். பச்சைக்கு அடியில செவப்பா ஒண்ணு, அதுக்கு அடியிலதான் மணி. பெரிய ஆபீசரு வர்றாருங்கும்போது கறையோடயா வைக்கிறது?"

கையை நீட்டிக் காட்டினார். பத்து விரலிலும் நகம் பாதிக்குத் தேய்ந்திருந்தது. விரல் நுனிகளில் தோல் உரிந்து இன்னும் ஆறவில்லை.

 பச்சைக்கு அடியில் சிவப்பு. அது நாலு மாதத்தில் வருகிற காரியமா? அந்தச் சிவப்பும் அதன்மேல் கல்லாய் இறுகிய பச்சையும் சேர எத்தனை தலைமுறை ஆகியிருக்குமோ. நாலு வரி எழுதி நான் மூடிவிட்ட உண்மையை அந்த அம்மாள் விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றார். முன்சீப்பும் பொய் சொல்லவில்லை. மணியைக் கொல்லைப்பக்கம் கொடுத்தார், பளபளப்பாகத் திரும்பி வந்தது. நடுவில் மூன்று நாள் ஒருத்தி கையைப் புண்ணாக்கிக்கொண்டது அவருக்குத் தெரியாது. சுத்தம் என்பது எத்தனை வேலை என்று அந்த ஊர்ச் சாவடியில் உட்கார்ந்திருந்த எந்த ஆணுக்கும் தெரியாது, என்னையும் சேர்த்து.

உள்ளே ஓடிப்போய் மணியை எடுத்துவந்து, துணியை அவிழ்த்து, கவிழ்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்காவது, மண்ணாங்கட்டியாவது! வளையத்தில் அப்பியிருந்தது இரும்புத் துரு. மணியின் நாக்கு இரும்பு. அது மண்ணுக்குள்ளேயே மக்கி உளுத்து ஒன்றுமில்லாமல் போய், தொங்கிய இடத்தில் மட்டும் ஒரு கட்டியாக மிஞ்சியிருந்தது. அந்தத் துருக்கட்டிக்குள் ஒரு சல்லிவேர் போன தடம் அச்சுப் பிசகாமல் இருந்தது. பேச்சியம்மாளால் எடுக்க முடியாத கறை அதுதான்.

நான் கண்ணாடியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்குத் துணிச்சல் வந்ததோ என்னவோ, "இன்னொண்ணுங்க. இது நம்ம கோயில் மணி இல்லை" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"சித்திரைப் பொங்கலுக்குக் கோயில் சாமானெல்லாம் வாய்க்கால் படியில வச்சு நான்தானங்க வெளக்குறேன், பதினோரு வருசமா. அந்த மணியை ஒரே பக்கமாக் கயித்துல இழுத்து இழுத்து, உள்விளிம்பு ஒரு இடத்துல குழிஞ்சுபோச்சு. பெருவிரலை வச்சா உள்ள உக்காரும். கண்ணை மூடிக்கிட்டுத் தேச்சாலும் அந்த இடம் வந்தாத் தெரியும். இதுல அது இல்லை. இதுக்கு விளிம்பு சுத்தி ஒரே சீராத் தேஞ்சிருக்கு. மாட்டுக் கழுத்து மணிதான் அப்படித் தேயும், நாலு பக்கமும் ஆடுதுல்ல. பொதிமாட்டு மணிங்க இது. ரொம்ப நடந்த மாடு."

நான் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஆமாம், சுற்றிலும் ஒரே சீர். உலோகத்தைப் பற்றி மூன்று வருஷம் படித்திருந்தேன். தேய்மானத்தைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மலைக்கு ரோடு போடும் முன்னால், உப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் பொதிமாடுகள் மேலே போய்வந்த கதையைக் காலையில் ஜீப்காரர்கூடச் சொல்லிக்கொண்டு வந்தார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"இதை ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லலை?"

"கேட்டாத்தானங்க சொல்றது. ஆம்பளைக சாவடியில உக்காந்து பேசுறாக. நான் பாத்திரம் வெளக்குறவ."

சாவடிக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். நியாயமாக, அதில் என்ன ஆபத்து என்பதையும் சொன்னேன். சர்க்கார் வசம் இருந்த பொருளைச் சுரண்டியதாக அவர்மேல் குற்றம் வரலாம், முன்சீப்புக்கும் தலைக்குனிவு. 

"இந்த வீட்டுச் சோலி போச்சுன்னா எனக்கு வேற வீடு இல்லைங்க" என்றார் அவர். சாவடிப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அந்தாளு பொஞ்சாதி காலையில இருந்து படியில உக்காந்திருக்கு. செம்புல தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன், வாங்கலை. திருட்டுப் பட்டம் கட்டுன ஊரு குடுக்குற தண்ணியைக் குடிக்க அதுக்கு மனசு வரலை" என்றார். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்தார். "வாங்க, போவம். வெரசா வாங்க, ஆபீசரு கெளம்பிரப் போறாரு."

நான்தான் பின்னால் போனேன். அவர் முன்னால் நடந்தார்.

சாவடியில் போய் நின்றதும் முதல் காரியமாகச் சட்டைப் பையிலிருந்த சான்றிதழை எடுத்து நாலாகக் கிழித்தேன். "காலையில் நான் சொன்னது தவறு. சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்" என்றேன். அதைச் சொல்லும்போது காது இரண்டும் சுட்டது. டெபுடி தாசில்தார் கிழிந்த காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு மணி நேரத்துல மணிக்கு வயசு கூடிப்போச்சா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

"இந்த அம்மா சொல்வதைக் கேளுங்கள்" என்றேன்.

பேச்சியம்மாள் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். ஒரு சொல் முன்பின் மாறவில்லை. புளி, செங்கல்பொடி, ஓட்டுச் சில்லு, பச்சை, சிவப்பு. கடைசியில், "நானாத்தான் வெளக்குனேன். யாரும் சொல்லலை. தப்புன்னா என்மேலதான் தப்பு" என்றார்.

முன்சீப் எழுந்தார். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அவ சொல்றது பொய்யிங்க. நான் குடுத்துத்தான் வெளக்குனா. ஆபீசர் வர்றதுக்குள்ள பளிச்சுன்னு இருக்கணும்னு நான்தான் சொன்னேன். அப்படியே எழுதிக்கங்க" என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், பேனாவை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார்.

தர்மகர்த்தா விடவில்லை. "பச்சையோ செவப்போ எனக்குத் தெரியாது. எங்க மணி இல்லைங்கிறதுக்கு என்ன ருசு?" என்றார். நான் துருவையும் வேர்த்தடத்தையும் காட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் பேச்சியம்மாள் பதில் சொல்லிவிட்டார்.

"அப்பு, நம்ம மணியை நீங்க எத்தனை தடவை கையில புடிச்சிருக்கீக. உள்விளிம்புல ஒரு குழி இருக்கும்ல? பெருவிரல் உக்காருற குழி. இதுல இருக்கான்னு நீங்களே தடவிப் பாருங்க."

தர்மகர்த்தா மணியைக் கையில் வாங்கினார். பெருவிரலை உள்விளிம்பில் வைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று வந்தார். மூன்றாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டார்.  அம்மன் மணி கிடைத்துவிட்டது என்று நம்பி, செருப்புப் போட நாள் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஆமாம், இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? பாத்திரம் விளக்குகிறவளின் பேச்சு ஒரு பக்கம், தர்மகர்த்தாவின் பேச்சு ஒரு பக்கம் என்றால் எது நின்றிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் மணியைத் தாம்பாளத்தில் வைத்தார். "இல்லை. இது நம்மது இல்லை" என்றார். பிறகு சடையாண்டி இருந்த பக்கம் திரும்பி, "தம்பி, மனசுல வச்சுக்கிறாதப்பா" என்றார். வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். எனக்கு அவரை ஓடிப்போய்க் கும்பிட வேண்டும் போலிருந்தது. அதைச் செய்யாதது இன்னொரு தவறு.

மிச்சம் இருந்தது காலம். "எத்தனை வருஷத்துப் பொருள்னு எழுதுங்க" என்றார் அதிகாரி.

"வருஷம் எழுத முடியாது."

"மெட்ராஸ்ல இருந்து வந்தது இதைச் சொல்லத்தானா?"

காலையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் மறுபடி மாட்டிக்கொள்வானா? சடையாண்டி சொன்ன மரத்தின் வேர், துருவுக்குள் தடம் பதித்திருக்கிறது. ஆகவே மரம் வேர்விடும் முன்பே மணி மண்ணில் விழுந்துவிட்டது. "எவ்வளவு பெரிய மரம்?" என்று சடையாண்டியிடம் கேட்டேன்.

"ரெண்டு ஆளு கை கோத்தாலும் பத்தாது சாரே."

அதையே எழுதினேன்: வெண்கலம், பொதிமாட்டுக் கழுத்து மணி, சாய்ந்த மரத்தைவிட மூத்தது, அதற்கு மேல் எவ்வளவு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. "மரத்துக்கு என்ன வயசு?" என்றார் அதிகாரி. "அதைக் காட்டிலாகாவைத்தான் கேட்க வேண்டும்" என்றேன். முதல் தடவையாக அவர் சிரித்தார். தலையாரியைக் கூப்பிட்டு, சடையாண்டியை அனுப்பிவிடச் சொன்னார். கங்காணிக்கும் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சடையாண்டி கையில் கொடுத்தார்.

பிள்ளைகளே, 'தெரியாது' என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். தெரிந்ததை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன் எழுதினால்தான் மற்ற வரிகளை அடுத்தவர் நம்புவார்.

ஜீப்பு வரக் காத்திருந்தபோது சடையாண்டி மனைவியோடு வந்தார். காலையில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "திருப்பியும் வந்து சொன்னீகல்ல சாரே. அது போதும்" என்றார்.  அவர் மனைவி, பேச்சியம்மாள் கொண்டுவந்த செம்பை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஜீப்பில் ஏறியதும் பேச்சியம்மாள் கிட்டே வந்தார். "முன்சீப்பய்யா ஒண்ணும் சொல்லலைங்க. நாளைக்கு எப்பவும் போல வான்னுட்டாக" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அய்யா, அந்தக் கறையை மெட்ராஸ்ல போயாவது எடுத்துருவீகளா?" என்றார்.

"எடுக்க மாட்டோம்மா. அது இருக்கணும். அதுதான் சாட்சி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அங்க ஆயிரம் பேரு வந்து பாப்பாகளே. எவளோ அரைகுறையா வெளக்கியிருக்கான்னு பேசுவாகளே" என்றார். பதில் சொல்வதற்குள் ஜீப்பு கிளம்பிவிட்டது.

இப்போது என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் நாம் ஓர் அட்டை எழுதுகிறோம் அல்லவா, அதில் 'அடையாளம் கண்டவர்' என்று ஓர் இடம் உண்டு. அந்த மணியின் அட்டையில் அந்த இடத்தில் என் பெயர்தான் இருந்தது. மேலதிகாரி போடச் சொன்னார், போட்டேன். பாராட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். வேலையில் இருந்த காலமெல்லாம் அது அப்படியே இருந்தது. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன், ஒவ்வொரு வருஷமும் வேறு வேலை வந்துவிடும். வெட்கம்தான், வேறென்ன.

ஓய்வுபெறும் நாளன்று மாலை விழாவில் உட்காருவதற்கு முன் பொருளறைக்குப் போய், அந்த அட்டையை எடுத்து, என் பெயரை ஒரு கோட்டால் அடித்தேன். பழைய எழுத்து தெரியும்படி, நம் விதிப்படி. கீழே எழுதினேன்: பேச்சியம்மாள், பாத்திரம் விளக்குபவர். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் இன்னொரு குறிப்பையும் எழுதினேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே அந்த மணியைக் கையில் எடுத்ததும் உள்ளே பார்த்து, "இதை ஏன் சார் சரியாகச் சுத்தம் செய்யவில்லை?" என்று கேட்கிறீர்கள். இனிமேல் கேட்க வேண்டாம், அட்டையைப் படியுங்கள்:

உள்ளே வளையத்தருகே ஒரு கறை இருக்கிறது. அதைத் தொடக் கூடாது. அது விளக்கியவரின் குறை அல்ல. அவர் மூன்று நாள் தேய்த்தார்.